கலைக்கப்பட்ட சபைக்கு நன்றிக் கடிதம்

12 நவம்பர் 1996, செவ்வாய். பலெர்மோ.

இன்று, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு ஒரு கடிதம் வாசிப்பதைப் பாதியோடு நிறுத்தினேன்.

இங்கிலாந்தில் பிறந்து, கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தவர் அவர். இப்போது கண் தெரியாது. அவருடைய கடிதங்களை வாசிப்பதும் எழுதுவதும் நான்தான். தன் ஊர் நகரசபையின் மயானத்தில், தகப்பனுக்குப் பக்கத்தில் தனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். தகப்பன் அந்தச் சபையின் செயலாளராக இருந்தவர்.

மத்தியானம் பதில் வந்தது. இடம் இருக்கிறது என்ற முதல் வரியை வாசித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவின் கந்தோர் ஒருநாளும் பிழை விடாது" என்றார்.

அடுத்த வரியில், அந்த நகரசபை கலைக்கப்பட்டு இருபத்திரண்டு வருடமாகிறது என்றும், பக்கத்து ஊர்களோடு சேர்த்துப் புதிய மாவட்டமாக்கிவிட்டார்கள் என்றும், பழைய கட்டடத்தை விற்றாயிற்று, இனிப் புதிய விலாசத்துக்கே எழுத வேண்டும் என்றும் இருந்தது. அதை வாசிக்காமல் கடிதத்தை மடித்துவிட்டேன்.

நானும் யாழ்ப்பாணத்தில் கிராமசபைக் கந்தோரில் வேலை செய்தவள். சபையைக் கலைத்தபோது பெயர்ப்பலகையைக் கழற்றினோம். மறுநாளும் அதே மேசை, அதே வேலை. இதில் மறைக்க என்ன இருந்தது?

எங்கள் பிரான்காச்சோ பகுதிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து இவரிடம் சொன்னேன். "உள்ளதைச் சொல்லியிருக்கலாமெல்லோ. இனி என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டார்.

கால் உளைகிறது. நாளை காலை சிஞ்ஞோராவுக்காக நகரசபைக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். எழுதி முடித்ததும், உறையில் நான் எழுதிய விலாசத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். எப்போதும் அப்படித்தான்.