ஏரியல் கம்பியும் அம்சா வீட்டுச் சுவரும்

11 ஜூன் 1973

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. எட்டாம் வகுப்பில் அறுபத்திரண்டு பெண்கள். அறிவியலுக்கு நான், கணக்குக்கும் நானே. தொண்டை கட்டிவிட்டது.

இவர் டெலிபோன் ஆபீசிலிருந்து வந்ததும் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் வாங்கி, தானே பாகங்களைக் கோத்துச் செய்த செட். இன்று ஜப்பான்காரர் ஒருவர் பதில் சொன்னாராம். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அம்சாவின் ரேடியோவில் பாட்டுக்கு நடுவே இவர் குரல் வந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: “யக்கா! அண்ணன் எங்க ரேடியோல வந்து இங்கிலீஷ் பேசிக்கினு இருக்குது!” நான்கு மாத வயிற்றோடு தறியில் உட்கார்ந்து அப்படி ஒரு சிரிப்பு.

13 ஜூன்

அம்சாவுக்குக் கலைந்துவிட்டது. காலையில் வயிற்று வலி என்றாள், பத்து மணிக்கு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் ரொம்பக் குறைவு என்று டாக்டர் சொன்னாராம். இப்படி ஆவது இது இரண்டாவது முறை.

14 ஜூன்

குழாயடியில் அம்சாவின் மாமியார் அங்கம்மாள் என் குடத்தை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: “உங்க ஊட்டுக் கம்பி எங்க செவுத்து மேலதானே போவுது? அதான் கொழந்தைய உறிஞ்சிடுச்சி.”

எல்லோரும் பார்த்தார்கள். நான் டீச்சர் குரலில் சொன்னேன்: “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. வெறும் ரேடியோ அலை. பயப்படவே வேணாம்.”

வாயை மூடிக்கொண்டாள். நான் படித்தவள் அல்லவா.

15 ஜூன்

ஒன்றும் ஆகாது என்று எனக்கு யார் சொன்னது?

17 ஜூன், ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். கூடத்தில் மாட்ட வாங்கி வைத்த ட்யூப் லைட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறை வழியாகப் போனேன். இவர் செட் முன்னால் உட்கார்ந்து தந்தி தட்டிக்கொண்டிருந்தார். ஏரியல் கம்பி அந்த அறையில் அம்சா வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டியே போய், மேலே உள்ள காற்றுத்துளை வழியாக மாடிக்கு ஏறுகிறது. கம்பிக்கு ஒரு முழம் தள்ளி வந்தபோது என் கையிலிருந்த ட்யூப் எரிந்தது. ஒயர் இல்லை, பிளக் இல்லை. என் கையில்! இவர் தட்டத் தட்ட எரிந்து அணைந்தது.

கீழே போடாமல் இருந்ததே பெரிது.

இவர் சிரிக்கிறார். “இது எல்லாருக்கும் தெரிஞ்ச வேடிக்கைதான் காந்தா. வெறும் அம்பது வாட்டு. கூடத்து பல்பே அறுபது.”

“பல்பை யாரும் பக்கத்து வீட்டுச் செவுத்துல ஒட்டி வைக்கிறதில்லையே.”

சிரிப்பு நின்றது. “அந்தக் கிழவி பேச்ச நீயுமா? சயின்ஸ் டீச்சரு நீ.”

ஆமாம், சயின்ஸ் டீச்சர். அதனால்தானே கேட்கிறேன். என் கையை விளக்காக்கியது ஒன்றரை அடிச் செங்கல் சுவரோடு நின்றுவிடுமா?

18 ஜூன்

எவ்வளவு இருந்தால் பரவாயில்லை, எவ்வளவுக்கு மேல் கூடாது? இதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை போடுகிறார்கள், பாலில் தண்ணீரை அளக்கிறார்கள். இவருடைய புத்தகங்கள் ஐந்தையும் புரட்டினேன். ஷாக் அடிக்காமல் இருக்க வழி சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரி இல்லை.

24 ஜூன்

ஒரு வாரமாக இவரோடு சரியான பேச்சில்லை. இன்று காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்: “உலகம் பூரா பேசறீங்களே. அவங்கள்ல யாரையாவது கேளுங்க.”

காபியை ஒதுக்கி வைத்தார். பிறகு, “புகார் போச்சுன்னா லைசென்ஸ் போயிடும் காந்தா. எட்டு வருஷம் காத்திருந்து வாங்கினது,” என்றார். அதுதான் பயமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

மாலையில் ஜெர்மனிக்காரர் ஒருவரிடம் கேட்டார். புத்தகம் பார்த்துக் கடிதம் எழுதுகிறேன் என்றாராம்.

3 ஜூலை

அம்சா தறிக்குத் திரும்பிவிட்டாள். என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். கடிதம் வரவில்லை.

17 ஜூலை

வந்தது. மூன்று முறை படித்தேன். அமெரிக்காவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிவாட் வரை பரவாயில்லை என்கிறார்களாம். ரஷ்யாவில், ரேடார் அலைகளுக்கு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒரே மனித உடம்புக்கு இரண்டு தேசம் இரண்டு கணக்கு. அமெரிக்கர் உடம்பு சூடாகிறதா என்று மட்டும் பார்க்கிறாராம்; ரஷ்யர் தலைவலி, தூக்கமின்மையைக்கூட எண்ணுகிறாராம். இரண்டுமே ரேடியோ, ரேடார் வேலையில் இருப்பவர்களுக்கு. வீட்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு என்று எழுதியது எதுவும் தன் கண்ணில் படவில்லை என்கிறார். அளக்கும் கருவியும் நம்மிடம் கிடையாது.

ஆக, குழாயடியில் நான் சொன்னது பொய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் பொய்தான்.

22 ஜூலை, ஞாயிறு

போனேன். ட்யூப் லைட்டை எடுத்துக்கொண்டே போனேன்.

அங்கம்மாள் வாசலை மறித்து நின்றாள். அவளைத் தாண்டி அம்சாவைப் பார்த்துச் சொன்னேன்: “அன்னைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். தெரியாமலே சொல்லிட்டேன், அம்சா. இதை உன் வீட்டுல பிடிச்சுப் பார்க்கணும்.”

அம்சா தறியிலிருந்து எழுந்தாள். “வா.”

கதவைச் சாத்தினோம். நான் சொல்லி வைத்திருந்தபடி இவர் எங்கள் வீட்டில் தட்ட ஆரம்பித்தார். டக் டக் என்று சுவர் வழியாகக் கேட்டது. தறிப் பக்கம் ஒன்றுமில்லை. அடுப்படியில் ஒன்றுமில்லை. பொதுச் சுவரின் காற்றுத்துளைக்குக் கீழே தூக்கிப் பிடித்தேன். எரிந்தது. மெதுவாக இறக்கினேன். இடுப்பு உயரத்தில் வெளிறியது. தரைக்குப் பக்கத்தில் ஒரு முனையில் மட்டும் புகை மாதிரி ஏதோ. இருந்ததா, என் கண்தானா?

“காத்துக்கோசரம் இங்கதான் படுப்பேன்,” என்றாள் அம்சா.

அங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “நான் சொல்லல?”

“விளக்கு எரியுதுன்னா உடம்புக்குக் கெடுதல்னு அர்த்தம் இல்லம்மா. டாக்டர் ரத்தம் குறைவுன்னு சொன்னார், அது நிஜம். இதனாலயும் ஆச்சான்னு எனக்குத் தெரியாது. ஆகலன்னும் தெரியாது.” என்றேன்.

அம்சா ட்யூபை என் கையிலிருந்து வாங்கினாள். தானே காற்றுத்துளைக்கு நேரே பிடித்து, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: “அப்போ கம்பிய எடுத்துட சொல்லுக்கா. தெரிஞ்சப்புறம் மாட்டிக்கலாம்.”

வீட்டுக்கு வந்தேன். “எரிஞ்சுதா?” என்றார். “எரிஞ்சுது.” செட்டை அணைத்தார். அப்புறம் சாப்பிடவில்லை.

29 ஜூலை, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே மாடியில் சத்தம். கம்பியை முழுக்க இறக்கிவிட்டார். கிணற்றுப் பக்கம், கொல்லைக் கடைசியில் புதுக் கம்பம். இரண்டு வீட்டுப் படுக்கைக்கும் முப்பதடிக்கு மேல். செட் பழைய விறகுக் கொட்டகைக்குப் போயிற்று. கம்பம் தூக்க ஆள் போதவில்லை. அம்சாவின் கணவர் முனுசாமி கேட்காமலே வந்து தோள் கொடுத்தார்.

பிறகு இவர் கொட்டகையில் தட்ட, அம்சா கதவைச் சாத்தித் தன் வீடு முழுக்க ட்யூபோடு நடந்தாள். எங்குமே எரியவில்லை.

ஒரு அட்டையில் எழுதிச் செட்டின் மேல் ஒட்டினேன்: கம்பியருகே யாராவது நின்றால் தட்டக் கூடாது, மாசமான பெண் கொட்டகைக்குள் வரக் கூடாது, தினம் ஒரு மணி நேரம்தான். அமெரிக்கக் கணக்கும் இல்லை, ரஷ்யக் கணக்கும் இல்லை. இவர் படித்தார். கிழிக்கவில்லை.

30 ஜூலை

செட்டுக்கு இப்போதும் மிக அருகில் இருப்பவர் இவர். இவருக்கு யார் கணக்குச் சொல்வது? கேட்டால், “எனக்கு இன்னா?” என்கிறார்.

31 அக்டோபர், புதன்

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கொல்லைக் கதவு வழியாக அம்சா வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மூன்று வாரமாக இருமல். மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“எடுக்கலாமாக்கா?”

“எடுக்கச் சொன்னா எடுக்க வேண்டியதுதானே. ஏன்?”

கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். “நாளு தள்ளிப் போயிக்கினு இருக்குது. ஆஸ்பத்திரில சொல்லல. எங்க ஊட்டுக்காரருகிட்டகூட இன்னும் சொல்லல.”

“எனக்குத் தெரியாது அம்சா. முதல்ல டாக்டர்கிட்ட இதச் சொல்லணும். அப்புறம் அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கணும்.”

“கேக்கத் தெரியாதுக்கா எனக்கு. நீ கூட வா.”

தலைமையாசிரியைக்கு அரை நாள் லீவு எழுதி எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். ரிக்‌ஷாவில் அம்சா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.