அண்ணையின் முகவரியில்

2025 மார்ச் 3, திங்கள்

காலை ஒன்பதுக்கு வெளியே போகலாம். ஐந்தரைக்குள் திரும்ப வேண்டும். பிந்தினால் கணுக்காலில் பூட்டிய பிரேஸ்லே, அந்தக் கண்காணிப்பு வளையம், காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், சேந்தன் அண்ணையின் வீட்டுப் பின்னறையில், சிறைக்குப் பதிலாக இன்னும் ஐந்து மாதம்.

அவருடைய கடை என் பெயரில் இருந்தது. விசா இல்லாத நாலு பேரை நிலவறையில் படுக்கவைத்து வேலை வாங்கியவர் அவர். தண்டனை இருவருக்கும்: அவருக்குக் கடை நடத்தத் தடை, எனக்கு இது. ஒன்றும் கேளாமல் கையெழுத்துப் போட்டேனே — அது குற்றமில்லையா?

இன்று சொந்தத் தொழில் பயிற்சி தொடங்கியது. பிரெஞ்சு கயானாவின் பழங்குடிப் பெண் கைதிகளுக்கான வகுப்பு. இடமிருந்ததால் என்னையும் சேர்த்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

பக்கத்துக் கதிரை ஆன்ஜெலிக். கலினா இனத்தவள். பகலில் வெளியே விடுகிறார்கள்; ஆறு மணிக்குச் சிறைக்குத் திரும்ப வேண்டும். மரவள்ளி ரொட்டி சுட்டு விற்பதுதான் அவள் திட்டம். மதியம் தமிழ்க் கடையில் கிழங்கு காட்டினேன். நுனியை முறித்து மணந்து பார்த்தாள்.

“இது செத்துப் பல நாள்.”

கடைக்காரர் முறைத்தார்.

ஆசிரியை மர்கரீத் என் தொழில் என்னவென்று கேட்டாள். என் திட்டத் தாள் வெறுமையாகவே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வெளியே போக அனுமதி இல்லாத நாள். முழுநாளும் சன்னல்தான்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணை கதவைத் தட்டாமல் வந்தார்.

“சென் தெனியிலை புதுக் கடை எடுக்கிறன். நீ ஒரு கையெழுத்துப் போடு.”

“ஏலாது அண்ணை.”

“அப்ப என்னத்துக்கு அங்கை போய்ப் படிக்கிறாய்?” பிறகு மெதுவாக, “நீ இஞ்சை இருக்கிறது என்ரை சம்மதத்திலை. மறந்திடாதை.”

உண்மைதான். சம்மதத்தை அவர் மீளப் பெற்றால் எனக்கு முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் சிறை. கையெழுத்துப் போட்டால்? என்றைக்கோ ஒருநாள் அதுவும் சிறைதான். ஐயோ, நான் எங்கைதான் போறது?

மார்ச் 17, திங்கள்

ஆன்ஜெலிக்கிடம் சொன்னேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

“என் கட்டிலுக்கு மேல் கட்டில் காலி. குளிரும். கம்பளிச் சட்டை கொண்டு வா.”

மார்ச் 18, செவ்வாய்

சுபாங்கி அண்ணி தேத்தண்ணி வைத்தார். அண்ணை தாள்களை விரித்தார்.

“போடமாட்டன்.”

“உள்ளுக்குப் போவாய்.”

“ஓம்.”

அண்ணி தலை நிமிரவேயில்லை.

ஏப்ரல் 2, புதன்

அண்ணை சம்மதத்தை மீளப் பெற்றுவிட்டார். வேறு முகவரி உண்டா என்று நீதிபதி கேட்டார். மர்கரீத் மூன்று விடுதிகளில் விசாரித்திருந்தாள். எங்கும் இடமில்லை. பிரேஸ்லேயை வெட்டி எடுத்தார்கள். பிறகு சிறை வாகனம்.

மே 20, செவ்வாய்

ஆன்ஜெலிக் விடுதலையாகிப் பத்து நாள். சிறை அறையில் இப்போது நான் தனி.

இன்று அண்ணியின் கடிதம். ‘இவர் சொன்னார் எண்டு நான் கையெழுத்துப் போட்டிட்டன், தர்மிளா. கடை இப்ப என்ரை பேரிலை. நான் என்ன செய்யவேணும்? ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.’

மூன்று தடவை வாசித்தேன். பிறகு வகுப்புக் குறிப்புகளைக் கட்டிலில் பரப்பினேன். பின்னேரம் காவலர் எங்களை எண்ண வருவதற்குள் நாலு பக்கம் எழுதிவிட்டேன்.

முதல் வரி: ‘அண்ணி, கடை என்ரை பேரிலை இருந்தும் நான் அங்கை போய்ப் பாக்காமல் விட்டன். நீங்கள் ஒவ்வொரு நாளும் கடைக்குப் போங்கோ.’