ஓட வேண்டாத சத்தம்

1979 ஜூன் 3

புல்லட்டை இன்று காலையில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாணியம்பாடித் தோல்மண்டிக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். தெருமுனை திரும்பிய பிறகும் வெகுநேரம் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே போய் முகம் கழுவினார். அப்போதுதான் குளித்திருந்தார்.

அதற்குப் பதிலாக வந்திருப்பது ஒரு பழைய ஜாவா. மெக்கானிக் காசி அண்ணன் அதை மலைக்கென்றே மாற்றிக் கட்டியிருக்கிறார். கல்லில் இடிக்காதபடி புகைக்குழாயை சீட்டுப் பக்கமாக மேலே தூக்கிவிட்டார். பின் டயரில் கட்டை கட்டையாகப் பல். அம்மா ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, வெட்டுக்கிளி கணக்கா கீது. யானை மேல போனவரு இனிமே இது மேலயா போவப் போறீங்க?”

“யானை காவலூர் தாண்டி வர மாட்டேங்குதே, ரத்தினம்.”

அப்பா மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரை தார் ரோடு, புல்லட் சுகமாகப் போகும். அதற்கு மேல் மலைப்பாதை, கல்லும் ஓடையும்தான். வண்டியைக் காவலூரில் விட்டுவிட்டு ஐஸ் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அப்பா நடப்பார். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்து, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்க்கான ஊசிமருந்து கெட்டுவிடும். போன வருடம் புங்கங்கொல்லையில் ஊசி போட்ட மாடுகளே செத்தன. அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசுவதில்லை. வண்டியை மட்டும் மாற்றிவிட்டார்.

ஜூன் 5

பிளாஸ்க் குலுங்காமல் மடியில் வைத்துப் பிடிக்க ஆள் வேண்டுமாம். என்னைக் கூப்பிடுகிறார். அம்மா சிரித்தாள். “அவளா? வாய்ல கொழுக்கட்டை. கடைக்குப் போயி ஒரு உப்பு கேக்கத் தெரியாது.”

“ஐஸ் புடிக்க வாய் எதுக்கு?” என்றார் அப்பா.

எட்டாவதில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். மலையில் யாரும் படிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 8

வண்டி ஏறியது. புல்லட் படுத்துவிடுகிற இடத்திலெல்லாம் இது துள்ளித் துள்ளி ஏறியது. ஓடையில் தண்ணீர் என் முழங்காலில் அடித்தது. மேலே போனதும் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தோம், ஐஸ் கட்டியாகவே இருந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் புங்கங்கொல்லையில் ஒருவரும் இல்லை.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் களி பாதி கிண்டியபடி, துடுப்பு அதிலேயே நின்றிருந்தது. ஆள் இல்லை, மாடும் இல்லை. ஒரு கோழி மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனார். கடைசியில் ஐஸ் கரைந்துபோகவே மருந்தைக் கீழே கொட்டினார்.

காவலூர் டீக்கடையில்தான் காரணம் தெரிந்தது. கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கம்பவுண்டரே, இந்தச் சத்தத்துல மேல போறது ஒரே வண்டிதான். சாராயம் புடிக்க வர்ற போலீஸ் ஜாவா. கீழ இங்க உங்க புல்லட்டு வந்து நிக்கிறது கேட்டா ஜனம் மாட்ட ஓட்டிக்கினு வரும். இது கேட்டா மாட்டையும் ஓட்டிக்கினு காட்டுக்கு ஓடிடும்!”

அப்பா டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

ஜூன் 9

பக்கத்துக் குக்கிராமத்தில் வெக்கை கண்டுவிட்டதாம். மாட்டுக்கு வாயெல்லாம் புண், கண்ணில் நீர். அங்கிருந்து புங்கங்கொல்லை ஒரு மேடு தாண்டினால் வந்துவிடும்.

ஜூன் 12

இன்று நான் பேசினேன்.

வண்டியை ஒரு பாறைச் சரிவுக்குக் கீழேயே நிறுத்தச் சொன்னேன். நான் முன்னால் நடந்து போனேன். ஓடையில் ஒரு பெண் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். என் வயதுதான். பெயர் செல்லி என்று பிறகு தெரிந்தது.

“யாரு நீ? இன்னா வோணும்?”

நான் வண்டி நின்ற பக்கம் கையைக் காட்டினேன். அவள் குடத்தை வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. “ஓடாதீங்க. மாட்டுக்கு ஊசி போட வந்துகீறோம். அந்தச் சத்தம் எங்கப்பா.”

அவள் என்னையே பார்த்தாள். “உங்கப்பா அவ்ளோ சத்தமாவா போடுவாரு?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

அவள் அப்பா சடையன்தான் முதலில் மாட்டைக் கொண்டுவந்து கட்டினார். பாதி மாடுகளுக்குப் போட்டோம். மற்றவை தூர மேய்ச்சலில் இருந்தன. அவற்றுக்கு இன்னொரு நாள் வருகிறோம் என்றோம். கிளம்பும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னேன்: “இந்தச் சத்தம் கேட்டா இனிமே ஓடாதீங்க.” அவ்வளவு பேர் முன்னால்! அப்பா வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 21

மருந்து இன்னும் வரவில்லை. சும்மா மாடுகளைப் பார்த்துவிட்டு வரப் போனோம். சத்தம் கேட்டதுமே சின்னப்பிள்ளைகள் பாறை மேல் ஏறி நின்று “டுர்ர்ர்” என்று கத்தினார்கள். செல்லியின் அம்மா பச்சையம்மா சாமைச் சோறு போட்டாள். “முன்னெல்லாம் இந்தச் சத்தத்துக்கு அடுப்ப அப்பிடியே வுட்டுட்டு ஓடுவோம். இப்ப பாரு, சோத்துக்கு ஒல வெக்கிறோம்.”

ஜூலை 1

எப்படி எழுதுவது.

நேற்று முன்தினம் போலீஸ் வண்டி புங்கங்கொல்லைக்குப் போயிருக்கிறது. யாரும் ஓடவில்லை. பிள்ளைகள் பாறை மேல் நின்று கையாட்டியிருக்கிறார்கள். சடையன் மாட்டைக் கட்டக் கயிறு எடுத்துக்கொண்டு எதிரே வந்திருக்கிறார்! வீட்டுக்குப் பின்னால் சாராய ஊறல் பானை இருந்திருக்கிறது. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் கீழே நடத்திக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்பாவிடம் டீக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லையாம்.

ஜூலை 2

காய்ச்சியது தப்புதான். தெரியும். ஆனா ஓடாதீங்கன்னு யாரு சொன்னது? நான்தானே சொன்னேன். பொறந்ததுலருந்து வாயத் தொறக்காதவ, தொறந்ததும் இதையா சொல்லணும்?

“நீ இன்னாடி பண்ணுவே, சாப்புடு” என்கிறாள் அம்மா. களித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நாங்கள்தான் காட்டிக்கொடுத்தோம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம்.

ஜூலை 4

புல்லட்டைத் திரும்பக் கேட்க அப்பா வாணியம்பாடி போனார். தோல்மண்டிக்காரர் தர மாட்டேன் என்றுவிட்டாராம். அங்கிருந்து நேரே காசி அண்ணனிடம் போய், இந்த வண்டியின் சத்தத்தை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். “சேவல மாடு மாதிரி கத்த வெக்கச் சொல்றீங்களே, துரைக்கண்ணு அண்ணே. அது பொறப்புலயே இப்பிடி.”

வெக்கை மேட்டைத் தாண்டிவிட்டது. ஊசி போடாத கன்று ஒன்று செத்துவிட்டது. மீதி மாடுகளுக்கு மருந்து வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கொண்டுபோனால் யார் மாட்டைக் காட்டுவார்கள்?

ஜூலை 7

காவலூர் வரை பஸ்ஸில் போய், அதற்கு மேல் தனியாக நடந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

செல்லி ஓடையில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் போய் நின்றேன். குடத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, “நீ சொன்னதுக்காவதான் நின்னோம்” என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்பா காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் போனேன். அது வாயில் வரவில்லை. சொன்னாலும் யாருக்கு என்ன பிரயோசனம்? அவள் அப்பா ஜெயிலில். ஏர் ஓட்ட ஆள் இல்லை, இனி மாடும் போனால்?

“ஓடுங்க” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“இனிமே எந்த வண்டி வந்தாலும் ஓடுங்க. எங்க வண்டியா போலீஸ் வண்டியான்னு நின்னு பாக்காதீங்க. எங்களயும் நம்பாதீங்க. மாட்ட மட்டும் கட்டிட்டு ஓடுங்க. நாங்க ஊசி போட்டுட்டுப் போய்ட்றோம். மாட்ட யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க.”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 8

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “போய்ப் பாக்கலாம்” என்றார். ஐஸுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 10

போனோம். பாறை மேல் பிள்ளைகள் இல்லை. அடுப்பு எரிகிறது, ஆள் இல்லை. நாங்கள் முதன்முதலாக வந்த நாள் போலவேதான் இருந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். நான் பிளாஸ்க்கை மடியில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

ஊசி போடாத மாடுகளெல்லாம் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றையும் முளைக்குச்சியில் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். நாலைந்துக்குக் கழுத்தில் மஞ்சள்கூடப் பூசியிருந்தது. ஒரு மனிதர் கிடையாது.

அப்பா மருந்தைக் கரைத்தார். நான் கொம்பைப் பிடிக்க, அவர் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கறுப்புக் காளை. கையை நீட்டினதும் தலையைத் தாழ்த்தியது.

மேலே புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. செல்லியினுடையது.

“ஏ புள்ள, அது முட்டும்! கொம்பப் புடிக்காத, மூக்கணாங்கயிறப் புடி!”

நிமிர்ந்து பார்த்தேன். இலைதான் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்தேன். “புடிச்சிக்கினேன்” என்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினேன். அப்பா ஊசியைப் போட்டார்.