வெள்ளைத்தாடிக் குருவின் குரல்

இஞ்சாருங்கோ,

போனில் நான் மட்டும் கதைத்துக்கொண்டிருப்பது சரிவரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நேற்று டிவியில் எங்கள் சீன வாள்சண்டை நாடகம் போனது. கனடாவுக்கு, இந்த அஜின்கோர்ட்டுக்கு வந்த நாள் முதல், ஒரு சொல் சீனமும் தெரியாமல், அதில் வருகிற எல்லோருக்கும் நீங்கள்தானே தமிழில் குரல் கொடுத்தீர்கள்? நேற்று அவர்கள் சும்மா வாயை அசைத்தார்கள். பொறுக்க முடியாமல் மகளைக்கொண்டு ஆங்கில சப்டைட்டில் போடுவித்தேன்.

ஐயோ! மூங்கில் நுனியில் நிற்கிற உங்கள் வெள்ளைத்தாடிக் குருதான் வில்லன். சொந்த மாணவர்களுக்கே சோற்றில் நஞ்சு வைத்தவர். அவரைப் போய், "பிள்ளையள், முதல் சாப்பிடுங்கோ, பிறகு சண்டை பிடிப்பம்" என்று கதைக்கவைத்தீர்களே! நானும் நம்பி அவர் வெல்ல வேண்டுமென்று நேர்த்தி வைத்தேன்.

சப்டைட்டிலை நிற்பாட்டிவிட்டேன். எனக்கு உங்கள் குருதான் வேண்டும்.

இன்று காலை ஆஸ்பத்திரியில், பேச்சுப் பழக்குகிற ஸ்பீச் தெரபிப் பிள்ளை கேட்டதற்கு "ஓம்" என்று பதில் சொன்னீர்களாம். மகள் அழுதுகொண்டே சொன்னாள். அது போதும். கெதியாக வீட்டுக்கு வாருங்கோ. குரு இனி "ஓம்" மட்டும் சொல்லட்டும். மற்ற எல்லோருக்கும் நான் கதைக்கிறேன்.

உங்கள்,
நீங்கள் கூப்பிடுகிற "இஞ்சாரும்"