கொம்பு ஊதும்வரை

லக்காபான்,
அக்டோபர் 12, 2023

என் அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பிழை இருந்தால் சிரிக்காதே. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வாத்து மேய்க்கப் போனவள் இவ்வளவு எழுதுவதே பெரிது.

நேற்றுக் காலை வானொலியில் உன் குரல் கேட்டது. அடுப்பில் இருந்த சூப்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "நாலே நாலு பேர் இருக்கிற வேட்டைக்காரர் கட்சி" என்று அந்த ஆள் கேலியாகச் சொன்னதற்கு, "நாலு பேர்தான், ஆனா நாங்க நாலு பேரும் சபைக்கு வர்றோம்" என்றாய். நன்றாகக் கொடுத்தாய். காட்டுப்பன்றி உழுத சோளக்காட்டைப் பற்றிப் பேசினாய், டாக்டர் இல்லாத ஊர்களைப் பற்றிப் பேசினாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அப்பாவை இழுத்தாய். "எங்க அப்பா வேட்டையிலதான் செத்தார். கல்லுல பட்டுத் திரும்பின குண்டு. அன்னிக்கு ஒருத்தரும் குடிச்சிருக்கல. எங்க ஊர்க்காரங்களைக் குடிகாரங்கன்னு பாரிஸ்ல உக்காந்து சொல்லாதீங்க" என்றாய்.

சூப் ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.

துப்பாக்கி பிடிக்கும்போது குடித்திருக்கக் கூடாது, வண்டி ஓட்டுகிறவனை ஊதச் சொல்வது போல வேட்டைக்காரனையும் ஊதச் சொல்லலாம் என்றுதானே அந்தச் சட்டம்? அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடு கோரின். நீ பதவிக்கு வந்து ஆறு வருஷத்தில் இதைச் செய், அதைச் செய் என்று நான் கேட்டதில்லை. இது ஒன்றுதான்.

வாத்துக் கறி நான்கு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரி உன்னை விசாரித்தாள். நான் பதில் சொல்லவில்லை. உன் அப்பா சாவுக்கு வராதவளுக்கு உன் நலம் எதற்கு?

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

---

பாரிஸ்,
அக்டோபர் 16

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு அந்தக் களிம்பைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

இந்தச் சட்டம் வருவதில் அரசுக்கு விருப்பமில்லை. தோற்கடிக்க நான்கு ஓட்டுக் குறைகிறது. அந்த நான்கும் நாங்கள்தான். எங்களுக்குப் பேச இரண்டு நிமிடம் கொடுப்பார்கள், அதையும் எல்லாரும் காபி குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இப்போதுதான் மந்திரி எங்களைத் தேடி வந்தார். நம் பக்கத்து ஆம்புலன்ஸ் நிலையத்தை ஜனவரியில் மூடுவதாக இருந்தார்களே, எங்கள் ஓட்டுக் கிடைத்தால் அதை மூட மாட்டார்கள். கஸ்தேன் மாமா மாரடைப்பில் ஐம்பது நிமிடம் காத்திருந்ததை மறந்துவிட்டாயா? நீ எதையும் மறக்கிறவள் இல்லையே.

அதோடு, வேட்டையைப் பற்றி இந்தக் கட்சியில் பேசுவது நான்தான். நானே மாற்றிப் போட்டால் கட்சி என்று ஒன்று மிஞ்சாது.

அப்பாவைப் பற்றிப் பேசியது உனக்கு வலித்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் உண்மையைத்தானே சொன்னேன்?

அன்புடன்,
கோரின்

---

லக்காபான்,
அக்டோபர் 19

கோரினுக்கு,

களிம்பு நாறுகிறது. தடவவில்லை.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று எந்த முட்டாள் சொல்வாள்? எனக்கு எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறேன். அதை நினைத்து நானும் பயப்படுகிறேன். இருந்தாலும் கேட்டது கேட்டதுதான்.

நேற்று ரெமோன் துப்புய் வந்தான். வேட்டைச் சங்கத்துக்கு இன்னும் அவன்தான் தலைவன், எழுபத்து மூன்று வயதிலும் கொம்பு அவன் கழுத்தில்தான் தொங்குகிறது. வாசற்படி ஏறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே, "ஜெர்மேன், உங்க பொண்ணு நவம்பர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை வேட்டைக்கு வருதாம். டிவிக்காரங்களும் வர்றாங்க. அவங்க அப்பா நின்ன இடத்துலயே நிக்கணும்னு கேட்டிருக்கு. ஏழாம் நம்பர். உங்ககிட்ட சொல்லாம குடுக்க எனக்கு மனசு வரல" என்றான்.

நான் கதவைச் சாத்தினேன். அவனோடு நான் பேசி இருபத்தேழு வருஷம் ஆகிறது. உன் அப்பாவைச் சுட்டது அவன் துப்பாக்கி. கல்லில் பட்டுத் திரும்பியதோ நேராக வந்ததோ, குண்டு அவனுடையது.

அவன் செய்கிற ஒரு காரியம் உனக்குத் தெரியாது. பன்றியை வெட்டிக் கூறு போட்டதும் ஒருவன் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பானே, "இது யாருக்கு?" என்று மற்றவன் ஒவ்வொரு கூறாகக் காட்ட, பார்க்காமலே பேர் சொல்வானே, இங்கே பேர் சொல்கிறவன் ரெமோன்தான். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கூறுக்கு "லுசியன்" என்று உன் அப்பா பேரைச் சொல்கிறான். அந்தக் கறி காகிதத்தில் சுற்றி என் வாசலுக்கு வந்துவிடும். நான் நாய்க்குப் போடுவேன். மூன்று நாய்கள் அந்தக் கறியில் கொழுத்துச் செத்தன.

ஏழாம் இடத்தில் நிற்காதே. ஆள் அனுப்பிச் சொல்லவில்லை, உன் அம்மா சொல்கிறேன். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அம்மா

---

பாரிஸ்,
அக்டோபர் 24

அம்மா,

நீ பயப்படுவது புரிகிறது. ஆனால் எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து வேட்டை தெரியும். பாதுகாப்பு விதிகளைச் சங்கங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். கொம்பு ஊதும்வரை நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரக் கூடாது, பக்கத்து ஆள் இருக்கும் திசைக்குக் குழலைத் திருப்பக் கூடாது. இவை இரண்டையும் காப்பாற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நவம்பர் 5, ஞாயிறு. வருகிறேன். ஏழாம் இடத்தில் நிற்கிறேன். செவ்வாய் அன்று சபையில் எதிர்த்து ஓட்டுப் போடுகிறேன். நாட்டுப்புறத்து மனிதர்கள் கொலைகாரர்கள் இல்லை என்று யாராவது நின்று காட்ட வேண்டும்.

ரெமோனை நீ வெறுப்பதில் நான் குறுக்கே வந்ததில்லை. ஆனால் உன் வெறுப்பை வைத்து நாட்டுக்குச் சட்டம் எழுத முடியாது அம்மா. அன்று போலீஸ் எல்லாரையும் விசாரித்தது. ஒருவர்கூடக் குடித்ததாகச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

கோரின்

---

லக்காபான்,
அக்டோபர் 27

கோரின்,

ஆமாம், நானும் சொல்லவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

1996, நவம்பர் 17, ஞாயிறு. பனி உறைந்திருந்தது. பதினோரு பேர் நம் சமையலறையில் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வாத்துக் கறி ரில்லெட், முட்டை, ரொட்டி வைத்தேன். பிறகு எங்கள் அர்மாஞாக் பிராந்தி ஜாடியை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாக எடுத்தேன். மூன்று சுற்று ஊற்றினேன். மூன்றாவது சுற்றில் ரெமோன் கிளாஸைக் கையால் மூடி, "போதும் ஜெர்மேன், எல்லாம் ரெண்டா தெரியுது" என்றான். நான் அவன் கையைத் தள்ளி, "ரெண்டு பன்னியா சுட்டுட்டு வா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அடுத்தது இதைவிட மோசம்.

கிளம்பும்போது உன் அப்பா என் காதில், "பத்து மணிக்குத் தோட்டத்து வேலிகிட்ட ஃப்ளாஸ்க்ல இதையே கொஞ்சம் ஊத்திக் கொண்டா. விரலெல்லாம் வெறச்சிடும்" என்றார். கொண்டுபோனேன். ஏழாம் இடத்திலிருந்து நம் வேலிக்கு இருநூறு எட்டுத்தான். கொம்பு ஊதவில்லை. அவர் வந்தார். வாங்கி ஒரு வாய் குடித்தார், என் மூக்கைக் கிள்ளினார். திரும்பிப் போகச் சுற்றி நடக்க வேண்டும். அவர் ஃப்ளாஸ்க்கோடு கஷ்கொட்டைப் புதருக்குள் குறுக்கே போனார். அது ரெமோன் நின்ற இடத்துக்கு நேர் எதிர். நான் வேலியில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதர் அசைந்தது. சத்தம் கேட்டது.

கல் எதுவும் இல்லை. கல்லைப் பிற்பாடு வேட்டைக் குடிசையில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். போலீஸ்காரச் சின்னப் பையன் என்னிடம், "காலையில என்ன குடுத்தீங்க?" என்று கேட்டான். காபி என்றேன். குடித்ததைச் சொன்னால் ரெமோன் ஜெயிலுக்குப் போவான். அவன் போனால் லுசியன் ஏன் இடத்தை விட்டு வந்தார் என்று கேட்பார்கள். இடத்தை விட்டு நகர்ந்தவன் என்ற பேர் உன் அப்பாவுக்கு வரக் கூடாது. என் பேரும் வரக் கூடாது.

இருபத்தேழு வருஷம் ரெமோனை வெறுத்தேன். வெறுக்க ஒரு ஆள் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

பதினோரு பேருக்கும் காலையில் ஊதச் சொல்லியிருந்தால் ஒருவனும் காட்டுக்குப் போயிருக்க மாட்டான். என்னாலும் ஊற்றியிருக்க முடியாது. அதற்காகத்தான் கேட்கிறேன். இது உனக்கு மட்டும்.

உன் அம்மா,
ஜெர்மேன்

---

பாரிஸ்,
நவம்பர் 8

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்கும். உன் ஃபோனையும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று என் இரண்டு நிமிடம் வந்தது. எழுதி வைத்திருந்த பேச்சு கையில் இருந்தது. அதற்கடியில் உன் கடிதம். நான் உன் கடிதத்தைப் படித்தேன். சமையலறை, மூன்று சுற்று, கிளாஸை மூடிய கை, காபி என்று நீ சொன்ன பொய். சபையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் ஆதரவாக ஓட்டுப் போட்டேன், எங்கள் கட்சியின் மற்ற மூவர் எதிர்த்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் சட்டம் நிறைவேறியது.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

இன்று காலை கட்சி என்னை நீக்கியது. ஆம்புலன்ஸ் போயிற்று, மந்திரியின் செயலாளர் ஃபோனில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஊரில் உன்னை யாராவது ஏதாவது சொன்னால் உடனே கூப்பிடு.

என்மேல் கோபமா? எழுது அம்மா. திட்டியாவது எழுது.

கோரின்

---

லக்காபான்,
நவம்பர் 13

கோரினுக்கு,

கேட்டதைச் செய்தாய். நன்றி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எழுத மனம் வராது.

நீ பேசியதை டிவியில் மூன்று தடவை போட்டார்கள். மூன்றையும் பார்த்தேன். எனக்குப் படிப்புக் குறைவு, ஞாபகம் குறைவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். வேலியை நீ படிக்கவில்லை. ஃப்ளாஸ்க்கைப் படிக்கவில்லை. அப்பா இடத்தை விட்டு நகர்ந்ததைப் படிக்கவில்லை. எல்லாம் இரண்டாகத் தெரிகிற அளவு குடித்திருந்த ரெமோன் தன் இடத்தில் சரியாக நின்ற லுசியனைச் சுட்டான் என்று நாடு முழுக்கக் கேட்டது. போலீஸிடம் நான் சொன்ன காபியைப் போல ஒரு பொய்யைத்தான் நீ சபையில் சொன்னாய்.

ரெமோன் வீட்டுச் சுவரில் யாரோ சிவப்புச் சாயத்தில் "கொலைகாரன்" என்று எழுதிவிட்டார்கள். அவன் மகள் கடைக்கு வரவில்லை. ரொட்டிக்கடைக்காரி எனக்கு இனிப்பு ரொட்டி ஒன்று சும்மா கொடுத்து, "எவ்வளவு தாங்கியிருக்கீங்க ஜெர்மேன்" என்றாள். அந்த ரொட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை வேட்டைக் குடிசைக்கு நடந்து போனேன். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ரெமோன் மூலையில் தனியாக. கொம்பு மேசைமேல் கிடந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டானாம். நான் உட்காரவில்லை. "லுசியன் எடத்த விட்டு வந்தாரு. எங்கிட்டத்தான் வந்தாரு. ஃப்ளாஸ்க் குடுத்தேன். பொதருக்குள்ள பூந்து குறுக்க போனாரு" என்றேன்.

ரெமோன்தான் சொன்னான். "தெரியும் ஜெர்மேன். தூக்கும்போதே அவன் கையில ஃப்ளாஸ்க் இருந்துச்சு. நான்தான் எடுத்து என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"ஏன்டா சொல்லல? நான் இருபத்தேழு வருஷமா உன் மூஞ்சியில கதவ சாத்திக்கிட்டு இருக்கேனே."

"சொன்னா, நீங்க கதவ சாத்த ஆளு இருந்திருக்காது" என்றான். "உங்களை நீங்களே என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு."

நாற்காலி இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்கு மூச்சு இரைக்கிறது. இந்த வயதில் அவனுக்கு ஏதாவது ஆனால் இனி ஆம்புலன்ஸும் இல்லை.

உன் அப்பா பேரைக் காப்பாற்ற நினைத்தாய். நானும் அதையேதான் செய்தேன், அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒன்பது பேருக்குத் தெரிந்தால் போதாது. நீ சொன்னதை நாடு கேட்டது. கட்சி இல்லாதவர்களுக்கும் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

படிக்காமல் விட்டதைச் சபையில் சொல்லாமல் கிறிஸ்துமஸுக்கு வராதே. பிள்ளைகளை அனுப்பு.

நான் நகல் எடுத்து வைக்கிறவள் இல்லை. அந்தக் கடிதம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது வேலி.

அம்மா