ஒயரில் போன வசவு

மார்ச் 3, செவ்வாய்

கட்டில் இன்றும் தானாக எழுந்தது. நோயாளிகள் படுக்கப்போகும் மோட்டார் கட்டில். பக்கத்தில் என் லினக்ஸ் கணினிப் பெட்டி, அடியில் மோட்டாரை இயக்கும் நகம் அளவு கன்ட்ரோலர் சிப்பு, நடுவே ஒரு சீரியல் ஒயர். பெட்டியிலிருந்து கன்ட்ரோலரிடம் பேசும் டிரைவர், லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள் ஓடும் துண்டு நிரல், என்னுடையது. கன்ட்ரோலருக்குள் இருப்பது தூங்குமூஞ்சி எழுதியது; எந்நேரமும் கொட்டாவி விடும் சக ஊழியருக்கு நான் வைத்த பெயர். பெட்டியை ஆன் செய்தால் போதும், யாரும் கேட்காமலே தலைப்பக்கம் ஜம்மென்று உயர்கிறது. இடுப்பெலும்பு முறிந்தவர் படுத்திருந்தால்?

"சிப்பு சொன்னதைத்தான் செய்யுது" என்றார் தூங்குமூஞ்சி, கொட்டாவியோடு. ஓர் எழுத்து வந்தால் ஏற்று, வேறோர் எழுத்து வந்தால் இறக்கு. இதுதான் அவர் வகுத்த கட்டளை முறை. வந்தது நிஜக் கட்டளைதானா என்ற சரிபார்ப்பு மருந்துக்கும் கிடையாது. இதை எழுத ஓர் ஆள், அதற்கு ஒரு சம்பளம்!

மார்ச் 5, வியாழன்

அவரோடு பேச்சு நிறுத்தம். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். ஒயரின் எந்த முனை எது என்றே தெரியாது, தீர்ப்பு மட்டும் தயார். "திங்கக்கிழமை மீட்டிங்ல அவரு தப்புதான்னு காட்டிடுங்க. அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிடலாம்."

காட்டுகிறேன். தாராளமாகக் காட்டுகிறேன்.

வீட்டில் அக்கா: "ஏண்டி, ரெண்டு பெட்டி பேசிக்கறதுக்கு ஒரு ஆபீஸே சண்டை போடுமா?" அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 7, சனி

ஆதாரத்துக்காக ஒயரில் ஒட்டுக்கேட்கும் கருவியை மாட்டினேன். பெட்டியை ஆன் செய்தேன். என் டிரைவர் இன்னும் ஒரு கட்டளைகூட அனுப்பவில்லை, அதற்குள் எழுத்து எழுத்தாகக் கொட்டுகிறது. யார் பேசுவது?

நான்தான்.

கெர்னல் துவங்கும்போது தன் செய்திகளை எந்தப் போர்ட்டில், அதாவது எந்த ஒயர் வழியே, கொட்டுவது என்று ஓர் அமைப்பு உண்டு. முதல் வாரம், பிழை தேட வசதியாக, அதை இந்தப் போர்ட்டுக்குத் திருப்பினேன். மாற்ற மறந்தேன். கெர்னலின் புலம்பலை எல்லாம் சிப்பு கட்டளை என்று நம்பியிருக்கிறது. அந்தக் குவியலில், சிப்பு பதில் தரும்வரை என் டிரைவர் சொல்லும் ஒரு வரி, நானே ஆங்கில எழுத்தில் எழுதியது: "தூங்குமூஞ்சி இன்னும் முழிக்கல." கட்டிலை ஏற்றும் எழுத்து அதில்தான் இருக்கிறது.

அமைப்பைச் சத்தமில்லாமல் மாற்றினால் கட்டில் அடங்கிவிடும். அவர் வேலை போகும், எனக்குச் சபாஷ் கிடைக்கும். ச்சீ — என்ன ஜென்மம் நான்?

மார்ச் 8, ஞாயிறு

ஒயரில் பிடித்த பதிவை நாலு தடவை திறந்து மூடினேன். "பெட்டிங்க சண்டை தீந்துச்சா?" என்றாள் அக்கா. அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 9, திங்கள்

மீட்டிங்கில் ஒயர்ப் பதிவை அப்படியே திரையில் போட்டேன். மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று. "அந்த ஒரு வரியையாவது எடுத்துட்டுக் காட்டியிருக்கலாமே" என்று கிசுகிசுத்தார். மனுஷனுக்கு வெட்கம் அதற்குத்தான் வருகிறது.

தூங்குமூஞ்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது... நானா?"

"ஆமா. மன்னிச்சிடுங்க. கட்டில் எழுந்தது என்னாலதான். ஆனா சரிபார்ப்பு இல்லாம எழுதினது நீங்க." அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கொட்டாவிகூட விடவில்லை.

மார்ச் 18, புதன்

தூங்குமூஞ்சி சிப்பில் புது நிரலை ஏற்றிவிட்டுப் போனார். சரிபார்ப்பு போட்டிருக்கிறார். குறை தேடினேன், கிடைக்கவில்லை. சோதிக்க வேண்டி என் அமைப்பைப் பழையபடியே வைத்து, எரிச்சலோடு பெட்டியை ஆன் செய்தேன். கட்டில் அசையவில்லை. கன்ட்ரோலரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது:

"முழிச்சிட்டேன் மேடம்."