பாவா கூட்டிவந்த ஆள்

ஆடி 2, வெள்ளி

காலையிலேயே வெயில். போர்வை துவைத்து மாடியில் போட்டேன். ரேஷனுக்குப் போகவில்லை.

ஓய்வுப் பணம் கணக்கில் ஏறிவிட்டதாம், நேற்று போனில் செய்தி. யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று வங்கிக்குப் போனால் மேனேஜரே எழுந்து நாற்காலி போடுகிறார். காபி வேறு. சர்வீஸ் முழுக்க இதே இடத்தில் வரிசையில் நின்ற கிராம நர்ஸ் நான். காபியைக் குடித்தேன். நீட்டிய பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை.

பக்கத்து வீட்டு வசந்தா: "நீங்க சும்மாதானே கீறீங்க, கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வையுங்க." சும்மா இருப்பவளாம்.

ஆடி 3, சனி

பாவா வந்தார், அக்கா புருஷன், கனகம்மாசத்திரத்திலிருந்து. அக்காவைக் கூட்டி வரவில்லை. கூட ஒரு ஆள். பெயர் முரளி, மடிப்புக் கலையாத சட்டை, சென்னைக் கம்பெனி. பணத்தைப் போட்டால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி தருவார்களாம்.

"பாங்க்ல போட்டு இன்னாம்மா கெடைக்கும்? தம்பி நம்ம வீட்டுப் புள்ள மாதிரி. நான் கீறேன் இல்ல?" என்றார் பாவா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முரளி சிரித்தான். "யோசிக்க இன்னாம்மா கீது? இந்த மாசத்தோட ஸ்கீம் க்ளோஸ்."

அதுதான் உறுத்துகிறது. காலாவதி ஆகப்போகிற மருந்தைத்தான் இப்படி அவசரமாகத் தள்ளுவார்கள்.

ஆனால் பாவா. அப்பா வேண்டாம் என்றபோது என் நர்ஸ் படிப்புக்கு ஹாஸ்டல் பணம் கட்டியவர். முகத்துக்கு நேரே எப்படி மாட்டேன் என்பது?

ஆடி 6, செவ்வாய்

ரயிலில் அரக்கோணம். பழைய சக நர்ஸ் சொன்ன நிதி ஆலோசகர், ஷோபனா. சின்ன வயசு. எதையும் விற்க மாட்டாளாம், யோசனை சொல்ல ஃபீஸ் மட்டுமாம். சும்மா சொல்ல ஆயிரம் பேர் இருக்க இவளுக்கு எதற்கு ஃபீஸ்? அவள் எதிரிலேயே அரசுப் பதிவு எண்ணைப் போனில் தேடிப் பார்த்தேன். கோபப்படவில்லை. "நல்லா பாருங்கம்மா" என்றாள். எண் சரியாகத்தான் இருந்தது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

கேட்டது: மாதச் செலவு என்ன? பொழுது எப்படிப் போகிறது? உடம்பு முடியாமல் போனால் யார் வருவார்கள்? கடைசிக் கேள்விக்கு "அக்கா" என்றேன்.

முரளி விஷயம் சொன்னேன். "இப்போதைக்கு எதுலயும் போடாதீங்க. இதுல அவருக்கு என்ன கெடைக்குதுன்னு அந்த ஆளைக் கேளுங்க, போதும்."

ஆடி 7, புதன்

இரவு மழை. காலையில் கோயில் மலைப்படி ஏறினேன், முழங்கால் பரவாயில்லை. புதன்கிழமை இனி எனக்கு மட்டும், சிலிண்டர் வாங்கி வைக்க வேறு ஆள் பார் என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஆடி 9, வெள்ளி

இருவரும் வந்தார்கள், பாரத்தோடு. கேட்டேன்: "தம்பி, நான் பணம் போட்டா உங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

முரளி பாவாவைப் பார்த்தான்.

"அவரை ஏன் பாக்கறீங்க?"

அவசரப் போன் வந்ததாக எழுந்து போனான். திரும்பி வரவில்லை. பாவா தரையைப் பார்த்தபடி சொன்னார். திருவாலங்காட்டில் அக்கா பங்கு நிலம் விற்ற பணம் முழுவதும் அந்த ஸ்கீமில். சில மாதமாக வட்டி இல்லை.

"ஆள் சேத்து வுட்டா என் பணத்தைத் திருப்பித் தரேன்னான்மா."

"வட்டி வரலன்னு தெரிஞ்சிகினே என்னை இழுத்தீங்களா பாவா?"

"உங்கக்காவுக்குத் தெரியாது. சொல்லிடாத."

காபி கொடுத்தேன்.

இரவு அக்கா போன். எடுத்ததுமே, "அந்த ஸ்கீம்ல போட்டுட்டியா?"

அப்படியானால் அவளுக்கும் தெரியும். "இல்லக்கா."

ஒரு பெருமூச்சு. நிம்மதியா, ஏமாற்றமா? வைத்துவிட்டாள். தூக்கமில்லை.

ஆடி 12, திங்கள்

பாவா, அக்கா, நான், மூவரும் போலீஸ் ஸ்டேஷன்; புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்குப் பாவா சம்மதித்தார். ஏமாந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே. எல்லாருக்கும் ஒரே முகம். முரளியின் போன் அணைந்து கிடக்கிறதாம். பாவா தானே எழுந்து நின்று முழுவதும் சொன்னார், என்னைக் கூட்டிவந்த கதை உட்பட. ஒளிக்கவில்லை. பணம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

பெஞ்சில் அக்கா என் பக்கத்தில். மெதுவாகச் சொன்னாள்: "உன்னாண்ட வந்தாருன்னு நான் போன் பண்ண அன்னிக்கு மதியானம்தான்டி தெரிஞ்சிது. நீ போடலன்ன அப்புறம்தான் எனக்கு சோறு எறங்கிச்சி."

அவள் முகத்தையே பார்த்தேன். நம்பினேன். நம்ப வேண்டும் போலிருந்தது.